லிடியா வாசித்த பேஸ் கிட்டார்

எலவனாசூர்கோட்டை
14.9.2024

அன்புத் தங்கச்சி லிடியாவுக்கு,

உறை மேல் சிஸ்டர் ஏஞ்சலின் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எனக்கு நீ லிடியாதான், மதர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் உன் அண்ணி மார்கரெட்டும் அபிநயாவும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அந்த வலியையும் ஒறுத்தல் என்று ஒப்புக்கொடுத்துவிட்டாயா?

ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு வர முடியவில்லை. ரைஸ் மில்லில் ஆள் கம்மி, முதலாளி விடவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பேஸ் கிட்டாருக்கு யோகம் அடித்திருக்கிறது. மகள் அபிநயா அதைப் படம் பிடித்து போனில் எங்கேயோ போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து விஜயராகவன் என்று ஒருவர் அவளுக்கு விடாமல் எழுதுகிறார். பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை விலைக்கு வாங்கிச் சேகரிக்கிறவராம். கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாராம்.

(உறையைத் திறந்து மதரும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா பிலிப்பு இந்தப் பக்கத்தில் இன்னிசைக் குழு வைத்திருந்தார். நான் டிரம்ஸ். உங்கள் சிஸ்டர் ஏஞ்சலின் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து மடத்துக்கு வரும்வரை பேஸ் கிட்டார். மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவிலும் கல்வராயன் மலைக் கோயில் விழாக்களிலும் பாட்டைக் கேட்க வந்த கூட்டம் பாதி, பாவாடை தாவணியில் கிட்டார் மாட்டிய பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் பாதி.)

பாண்டிச்சேரியில் ஏதோ ஓட்டல் பாண்டு கலைந்தபோது அப்பா வாங்கி வந்தது அல்லவா? அது கிழக்கு ஜெர்மனியில் செய்ததாம். அந்த நாடே இப்போது இல்லை. நம்முடையதைப் போல இன்னொன்றை இந்தப் பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லையாம். ஆனால் சேர்த்து வைக்கத் தகுந்ததுதானா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். வரச் சொல்லட்டுமா? நான் வைத்திருந்தாலும் வாசித்தவள் நீ. நீ சொல்.

உன் செபத்தில் எங்களையும் ஒரு ஓரத்தில் வை.

அண்ணன்
ரெக்ஸ்

✦

மடம்
1.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வீட்டில் இறைவனின் அமைதி குறையாமல் இருக்கட்டும். தைலம் தடவுகிறேன். முழங்கால் என் வயதை எனக்கு ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். அண்ணியின் இரத்த அழுத்தம் எப்படி? அபிநயாவுக்குக் கல்லூரி பிடித்திருக்கிறதா?

திருநாள் அன்று வாசல் கவனிக்கும் சிஸ்டரிடம் நீ வந்துவிட்டாயா என்று அடிக்கடி கேட்டுத் தொந்தரவு செய்துவிட்டேன். போகட்டும். மே மாதம் என் துறவற வெள்ளிவிழாவுக்கு வந்தபோது, பேச்சறையில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். நீயும் சரி சரி என்று தலையாட்டினாய். மில் வேலையில் மறந்திருப்பாய். மறுபடி கேட்க மாட்டேன். ஒன்றை இரண்டாம் தடவை கேட்டால் இங்கே அதற்குப் பெயர் ஆசை.

கிட்டாரைப் பற்றி என்னைக் கேட்கிறாய். வார்த்தைப்பாடு கொடுத்த அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பொருளும் கிடையாது. அது உன்னுடையது, நீயே முடிவு செய்.

அவர் பார்க்க வருவதற்கு முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி வை. முழுவதும் தளர்த்திவிடாதே, நெக் பின்னால் வளைந்துவிடும். தந்தி முறுக்கும் மூன்றாவது கீ சண்டித்தனம் செய்யும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி, பிறகு திருப்ப வேண்டும். தெற்குச் சுவரில் ஓதம் ஏறும், அங்கே சாய்த்து வைக்காதே. பருத்தித் துணி போட்டு மூடு, பிளாஸ்டிக் கூடாது. நான்காம் தந்தி, அந்தத் தடித்தது, இன்னும் பழையதுதானா? பொருள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

போன வாரம் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தபோது மதர் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்க இடது கை மட்டும் தனியா எங்கியோ போய்க்கினு இருக்குது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அண்ணிக்கும் அபிநயாவுக்கும் என் ஆசீர்.

கிறிஸ்துவில் உன் தங்கை
ஏஞ்சலின்

✦

எலவனாசூர்கோட்டை
26.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. எல்லோருக்கும் சளி, மற்றபடி குறையில்லை. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. காலம் வரட்டும், பார்க்கலாம்.

விஜயராகவன் வந்து போனார். கையுறை, பூதக்கண்ணாடி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, எல்லாம் கொண்டுவந்தார். ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் என்று நினைத்து மார்கரெட் வெந்நீர் வைக்கட்டுமா என்றாள். மனிதர் மிக வேகமாகப் பேசுகிறார். அபிநயா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

உடம்பு ஒரிஜினல், நெக் ஒரிஜினல், தந்தியின் சத்தத்தை வாங்கும் பிக்கப் இரண்டும் ஒரிஜினல். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி மகிழ்ந்தார். தந்திகள் உட்காரும் பிரிட்ஜுக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இது இன்னா சார் இது?"

"பழசு ஒடஞ்சிப் போச்சு. கள்ளக்குறிச்சி லேத் பட்டறையில எங்கப்பா கடைஞ்சி வாங்கினாரு."

"அடடா, கெடுத்துட்டீங்களே."

பிறகு மேல் விளிம்பில் விளக்கை அடித்தார். உன் வலது கை உராய்ந்து உராய்ந்து பெயின்ட் போய் மரம் தெரிகிறதே, அங்கே. "இவ்ளோ பெரிய டேமேஜு" என்றார்.

"அது டேமேஜ் இல்ல சார். என் தங்கச்சி கை."

"கை பட்டதுதான் சார் டேமேஜு."

பின்பக்கம் முதல் கச்சேரிக்கு முன்னால் நீ ஊக்கால் கீறிய சிலுவையையும் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமாம். தேய்த்து, அடைத்து, புதிதாகப் பெயின்ட் அடித்து, வெளிநாட்டிலிருந்து பழைய பிரிட்ஜ் ஒன்று தேடிப் போட்டால் நாட்டிலேயே சொல்லிக்கொள்ளும்படியான பொருளாகிவிடுமாம். ஆக லிடியா, கிட்டார் சேகரிக்கத் தகுந்ததுதான். அதிலிருந்து உன்னையும் அப்பாவையும் எடுத்துவிட்டால்.

மனிதர் கெட்டவர் இல்லை. போகும்போது என் தோளில் கைவைத்து, "இந்த ஓதத்துல வெச்சிருந்தா இன்னும் நாலு மழையில மரம் பிளந்துடும் சார், பாவம்" என்றார். எனக்கு நிஜமாகவே பாவம் செய்கிறோமோ என்று இருந்தது. அவர் சொன்ன விலையை மடத்துக்கு எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்கரெட் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "வூட்ல கீற ஒரே நல்ல பொருளு இதான். இதையும் தூக்கிக் குடுத்துட்டு இன்னா பண்ணப் போற நீ?"

ஒரு வார்த்தை சொல், தங்கச்சி. வேண்டாம் என்றால் வேண்டாம், அவருக்கு அன்றைக்கே சொல்லிவிடுவேன். நீ சொன்னால் எனக்குப் போதும்.

அண்ணன்
ரெக்ஸ்

✦

மடம்
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இறைவன் உங்கள் எல்லோரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். சளி குணமானதா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, தாளை வீணடிக்கிறேன் என்று திட்டும் வாங்கினேன்.

கொடுத்துவிடு.

ஒன்றைக் கைவிடும்படி யாராவது நம்மைக் கேட்டால், கேட்கிறவர் கடவுள் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருகிற பெண்களுக்கு இங்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணனுக்கு மட்டும் வேறு பாடம் சொல்ல முடியாது. விளிம்பைத் தேய்க்கட்டும், சிலுவையை அடைக்கட்டும். கிட்டார் வாசித்த அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன்.

மே மாதம் நான் கேட்டதில் உனக்கு மனமில்லை என்பது, திருநாளுக்கு நீ வராத ஆகஸ்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருகிற ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு வரை கடிதங்கள் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

கொடுக்கும்வரை கட்டிலின் கீழ் வைக்காதே, எலி வரும்.

உன் தங்கை
ஏஞ்சலின்

✦

எலவனாசூர்கோட்டை
12.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்தும் புதுவருட வாழ்த்தும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே சுகம்.

நீ சொன்னபடியே ஆகட்டும். துறவியாரின் வாக்கைத் தள்ளி இந்த வீட்டில் பழக்கமில்லை. நம் அம்மா சாகும்போதுகூட, மடத்திலிருந்து லிடியா என்ன எழுதினாள் என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தை நிறுத்தச் சொன்னாள். விஜயராகவனிடம் சரி என்று அபிநயாவை விட்டுச் சொல்லியாயிற்று. ஈஸ்டருக்கு முன் வந்து எடுத்துப் போவாராம்.

பிக்கப் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை ஆம்ப்பில் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம் பழைய ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் குழு கலைந்ததிலிருந்து மலையில் தர்மனிடம்தான் இருக்கின்றன. நமக்கு மைக் செட் பார்த்தவன், இப்போது வெள்ளிமலைக்கு மேலே சாமையும் மரவள்ளியும் போடுகிறான். கிட்டாரைப் பருத்திப் புடவையில் சுற்றி (நீ சொன்னபடி), கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனேன். அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்.

தர்மனுக்கு வாசிக்கத் தெரியாது. தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். நான் பெட்டி மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நான்காம் தந்தியைத் தட்டியதும் முதுகுத்தண்டு வழியாக ஏறி மண்டைக்குள் வந்து நின்றது. மேடையில் எனக்கு இடது பக்கம் நீ நிற்பாய் அல்லவா, பாட்டுக்காரர்கள் எங்கே போனாலும் நான் உன் தந்தியைத்தானே பிடித்துக்கொண்டு அடிப்பேன். அந்த இடது பக்கம் ஒரு நிமிடம் ஆள் இருந்தது. இவ்வளவு நல்லதாக எதையும் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"இன்னும் ஒரு தபா" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். தர்மனின் மனைவி ராணியம்மாள், "எம்மாம் நேரம் இப்படியே உக்காந்துகினு இருப்பாரு, கஞ்சி ஆறுதே" என்றாளாம். தர்மன் கையைக் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

தேன் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்
ரெக்ஸ்

✦

மடம்
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எல்லோரையும் மாதா தன் முந்தானையில் வைத்துக்கொள்ளட்டும். நான் நலம். அப்பம் சுடும் அறையில் இப்போது எனக்கு வேலை. கோயில்களுக்கு நற்கருணை அப்பம் இங்கிருந்துதான் போகிறது. மெஷின் ஓடும்போது காலால் தாளம் போடாமல் இருக்கப் பாடுபடுகிறேன்.

நான்காம் தந்தி பேசுகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம் என்று எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். சந்தோஷம்.

தேனை ஏன் எடுத்து வைக்க வேண்டும்? கொண்டு வரலாமே. வருடத்துக்கு மூன்று தடவை வருகிறவன் நீ, மே மாதத்துக்குப் பிறகு எட்டிப்பார்க்கவில்லை. மில், மழை, சளி என்று எழுதுகிறாய். அன்று நான் கேட்டது உனக்குப் பிடிக்கவில்லையா? ஒரு துறவி அப்படிக் கேட்கலாமா என்று சங்கடப்பட்டாயா? அப்படியானால் கேட்டதை நான் எடுத்துவிட்டேன். நீ வந்தால் போதும்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அதிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. வருகிறவை பிரிக்காமல் மதர் அலமாரியில் இருக்கும். போன் சாவுச் செய்திக்கு மட்டும். அதற்குள் ஒரு நாள் வா, அண்ணா.

கிட்டாரைக் கொடுத்தாகிவிட்டதா? அவசரம் ஒன்றும் இல்லை.

உன் தங்கை
ஏஞ்சலின்

✦

எலவனாசூர்கோட்டை
18.3.2025

மரியாதைக்குரிய சிஸ்டருக்கு உங்கள் அண்ணி மார்கரெட் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் உங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். உறை மேல் அவசரம் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். மதர் மனசு வைத்தால் உண்டு.

உங்கள் அண்ணனுக்குக் காது போய்விட்டது சிஸ்டர்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. சின்ன வயதில் டிரம்ஸ், அப்புறம் மில் மெஷின். டாக்டர் நரம்பு செத்துவிட்டது என்கிறார். காது மிஷின் வாங்கி மாட்டினோம், இரைச்சல்தான் ஜாஸ்தியானது, கழற்றி வைத்துவிட்டார். பேச்சு எதுவும் விளங்குவதில்லை. வாயைப் பார்த்துப் பாதி, நாங்கள் எழுதிக் காட்டிப் பாதி. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். உங்கள் மடத்துப் பேச்சறையில் குறுக்கே நிற்கும் கம்பிக் கிராதியில் கறுப்புத் துணி போட்டிருக்கும், உங்கள் வாயும் தெரியாது. வந்து என்ன செய்வார்? "அவ பேசிக்கினே இருப்பா, நான் பொம்மையாட்டம் ஒக்காந்துகினு இருக்கணுமா?" என்று ஒரு தடவை என்னிடம் அழுதார்.

அந்த கிட்டார் ஒன்றுதான் அவருக்குக் கேட்கிறது. கீழ்ச் சத்தம் கடைசியில்தான் போகுமாம். மில்லிலிருந்து வந்ததும் அதை மடியில் வைத்துத் தாடையை அதன் விளிம்பில், உங்கள் கை தேய்த்த அதே இடத்தில், ஊன்றிக்கொண்டு அந்தத் தடித்த தந்தியைத் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு அது கேட்கவே கேட்காது. அவர் முகம் மட்டும் மாறும்.

விற்க அவருக்கு இஷ்டமே இல்லை. வேண்டாம் என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் கொடுத்துவிடு என்று எழுதிவிட்டீர்கள். நான் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "சிஸ்டர் சொல்லிட்டா, நீ யாரு?" என்கிறார். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் அந்த ஆள் வருகிறார். அதற்குள் நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

நேற்று மடத்துக்குப் போன் போட்டேன். வாசல் சிஸ்டர் எடுத்து, "யாராவது எறந்துட்டாங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ ஈஸ்டருக்கு அப்புறம் பேசுங்கம்மா" என்று வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

இப்படிக்கு
மார்கரெட்

✦

எலவனாசூர்கோட்டை
13.4.2025
குருத்து ஞாயிறு

அன்புத் தங்கச்சி லிடியாவுக்கு,

இதை நீ ஈஸ்டருக்குத்தான் படிப்பாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இப்போதே பதில் வரும் என்றால் எனக்குக் கை ஓடாது.

நேற்று விஜயராகவன் வந்து எடுத்துப்போனார். உள்ளே சிவப்புத் துணி தைத்த ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதில் படுக்க வைத்து மூடியபோது மார்கரெட் அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு என் மேல் கோபம். அபிநயாவுக்கு இந்த வம்பைத் தொடங்கிவைத்ததே தான்தான் என்று அழுகை. எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயா? சொல்கிறேன். இன்று காலை கோயிலில் குருத்தோலை பிடித்துக்கொண்டு எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஓசன்னா பாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. எனக்குக் காது போய் இரண்டு வருடம் ஆகிறது.

உன்னிடம் சொல்லவில்லை. நீ அங்கே உட்கார்ந்து அதற்காக நோன்பு இருப்பாய். ஏற்கெனவே முழங்கால் போயிற்று.

கடைசி மூன்று தடவை பேச்சறையில் நீ சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கறுப்புத் துணிக்குப் பின்னால் நீ அசைவது தெரியும். அசைவு நின்றால் நீ கேள்வி கேட்டிருக்கிறாய் என்று அர்த்தம், உடனே சரி சரி என்பேன். வெள்ளிவிழா அன்று நீ ரொம்ப நேரம் பேசினாய். நானும் ரொம்ப நேரம் தலையாட்டினேன். ஏதோ கேட்டதாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். என்ன கேட்டாய் லிடியா? மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். மருந்தா? பூசைக்குக் காசா? அம்மாவின் படமா?

கிட்டார் சத்தம் மட்டும் எலும்பு வழியாக வந்துகொண்டிருந்தது. அதுவும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். போனபிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு முன்பே நல்ல இடத்துக்குப் போகட்டும் என்றுதான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நீ சொன்னதும் அதுதானே. ஆனாலும் நீ ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும்.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

அண்ணன்
ரெக்ஸ்

✦

மடம்
21.4.2025

அண்ணா,

நேற்று பூசை முடிந்ததும் மதர் இரண்டு உறைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அண்ணியின் உறை மேல் அவசரம் என்று இருந்தது. ஒரு மாதமாக என் அறையிலிருந்து பத்தடி தள்ளி, பூட்டாத அலமாரியில் அது இருந்திருக்கிறது. தினமும் அந்த அலமாரியைத் தூசி தட்டுகிறவள் நான்.

என்ன கேட்டேன் என்று கேட்டாய். வெள்ளிவிழாவுக்கு உனக்கு என்ன வேண்டும் என்று மதர் கேட்டார்கள். என் பேஸ் கிட்டாரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். மாதா திருநாள் அன்று பேச்சறைக்குக் கொண்டுவரச் சொல் என்று அனுமதி கொடுத்தார்கள். அதைத்தான் கேட்டேன். கொண்டு வந்து கிராதியோடு ஒட்டிப் பிடித்துக்கொள் அண்ணா, இந்த இடைவெளியில் என் விரல் போகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன், நான்காம் தந்தியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு விட்டுவிடுகிறேன் என்றேன். நீ சரி சரி என்றாய். நான் அன்றெல்லாம் பறந்துகொண்டிருந்தேன்.

நீ வரவில்லை. செப்டம்பரில் விற்கட்டுமா என்று எழுதினாய். அதுதான் நீ கொடுக்கும் பதில் என்று நினைத்தேன். ரோஷம் வந்துவிட்டது. கொடுத்துவிடு என்று எழுதியவள் துறவி இல்லை அண்ணா, ரோஷக்காரி. கடவுளை இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேண்டாம், விற்காதே, விற்காதே என்று எழுதிய தாள்களைத்தான் கிழித்துக்கொண்டிருந்தேன்.

நீ கொண்டுவந்திருந்தால் அன்றைக்கு நான் பேசியதில் அந்தத் தந்தி ஒன்றாவது உனக்குக் கேட்டிருக்கும்.

விஜயராகவனிடம் போ. கையில் விழு, காலில் விழு. தேய்ப்பதற்கு முன் போ. இதை மதர் படித்தார்கள், படித்துவிட்டுத் தபால்தலையை அவர்களே ஒட்டினார்கள். கிராதித் துணியை விலக்கவும் சம்மதித்திருக்கிறார்கள். சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வா.

லிடியா

✦

எலவனாசூர்கோட்டை
18.5.2025

அன்புத் தங்கச்சி லிடியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் அபிநயாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். பதில் எழுத இத்தனை நாளானது, கை வராததால்தான். நீ சாப்பிடுவதில்லை என்று மதர் உன் அண்ணிக்கு எழுதியிருக்கிறார்கள். சாப்பிடு. முதலில் அதைச் செய்.

எல்லாம் முடிந்திருந்தது, வெளிநாட்டுப் பிரிட்ஜை முன்பே வரவழைத்து வைத்திருந்தாராம். விஜயராகவன் பெருமையோடு விளக்கைப் போட்டுக் காட்டினார். பலாச்சுளை நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. விளிம்பில் மரம் தெரியவில்லை. பின்னால் திருப்பிப் பார்த்தேன், சிலுவை இருந்த இடத்தைக் கையால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை சுத்தம். குறை சொல்ல முடியாது.

அபிநயா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் சார், நான் சேர்க்க வேண்டிய பொருள் இல்லை இது.' என்னை உட்கார வைத்து மடியில் வைத்தார். நான் தாடையை ஊன்றினேன். அபிநயா நான்காம் தந்தியைத் தட்டினாள். தந்தி அதிர்வதைக் கண்ணால் பார்த்தேன். ஆம்ப்பில் போட்டார்கள், சத்தத்தைக் கூட்டினார்கள், அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின என்று அபிநயா பிறகு சொன்னாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. புதுப் பெயின்டா, புதுப் பிரிட்ஜா, இல்லை டாக்டர் சொன்ன நாள் வந்துவிட்டதா, போனது கிட்டாரா என் காதா என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் தெரியாது. அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உனக்காகக் கொண்டுவந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அதற்கும் பிந்திவிட்டேன்.

கழற்றிப் போட்ட அப்பாவின் பிரிட்ஜைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தபாலில் வைத்தால் உறை கிழியும். தேனோடு சேர்த்து நேரில் கொண்டுவருகிறேன். அது கிராதி இடைவெளியில் நுழையும்.

சிலேட்டில் எழுதினால் படிக்கிறேன். ஆனால் முதலில் கொஞ்ச நேரம் நீ வாயால் பேசு. முன்போலவே ரொம்ப நேரம் பேசு. இந்த முறை சரி சரி என்று தலையாட்ட மாட்டேன். கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்
ரெக்ஸ்